செத்த கேமரா ஒன்று வேண்டும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் "ஓடாத கேமரா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்கவே கிடைக்காது. அங்கே இருப்பதெல்லாம் ஓடும். "சூப்பர் கண்டிஷன் சார்!" என்று கடைக்காரர் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்வார். "அப்ப வேண்டாங்க" என்று நகர்ந்தால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

எனக்கு வேண்டியது செத்துப்போன யாஷிகா எலெக்ட்ரோ 35. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேமராவுக்கு ஸ்பேர் எடுக்க. 1973-ல் வந்த ஜி.எஸ்.என். மாடல். யாஷிகாவை 1983-ல் கியோசெரா தன்னோடு இணைத்துக்கொண்டது. 2005-ல் கியோசெராவும் கேமரா தொழிலுக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டது. ஆசை யாரை விட்டது? ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பதறினார்: "சார், உள்ளே இருந்ததை எல்லாம் யாரோ கழட்டிட்டாங்க!"

கடைசியில் திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப்படி ஏறி, பழைய கேமரா ரிப்பேர் செய்யும் பாயிடம் போனேன். அவர் கேமராவைக் கண்ணால் பார்க்கவில்லை. காதில் வைத்து லீவரை இழுத்தார்.

"'டக்'குனு ஒரு சத்தம் வரணும் தம்பி. வரலை. ரப்பர் பேட் பொடிஞ்சுபோச்சு."

எலெக்ட்ரோ வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்கக் காத்திருக்கும் சத்தம் அது. உள்ளே அந்தச் சின்ன ரப்பர் போனால் வெளிச்சக் கணக்கு தப்பிவிடும். ரப்பர் இத்தனை வருஷம் தாங்கியதே பெரிது. என் முழங்கால் அவ்வளவு தாங்கவில்லை.

அடுத்தது பேட்டரி. இதற்கு 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசம் விஷம் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். பாய் சின்ன 6 வோல்ட் பேட்டரி ஒன்றைப் பேப்பரில் சுருட்டிச் செருகி, மிச்ச இடத்துக்கு ஒரு ஸ்பிரிங் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. பின்மூடியில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஃபோம் தார் மாதிரி இளகி ஒட்டியது. அதற்கு மாற்று, கறுப்பு வெல்வெட். மேட்சிங் சென்டரில், "எத்தனை மீட்டர் சார், பிளவுஸுக்கா?" என்றார்கள். "அரை விரல் அகலம் போதும், கேமராவுக்கு" என்றதும் முதலாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"ரப்பரை நானே வெட்டிப் போட்டுடுவேன். ஷட்டரும் போச்சே, அதுக்கு எங்கே போவேன்? இன்னொரு எலெக்ட்ரோ கொண்டாங்க. செத்தது போதும்" என்றார் பாய்.

சந்தையில் ஒருவர் பலமாகச் சத்தியம் செய்தார். இவ்வளவு சத்தியம் செய்தால் கட்டாயம் செத்ததுதான் என்று நம்பி வாங்கினேன். பாய் காதில் வைத்து இழுத்தார்.

டக்.

"இது உசுரோட இருக்கு தம்பி! லென்ஸ்ல பூஞ்சை, மேல்மூடி நசுங்கல், அவ்வளவுதான். உங்க சித்தப்பாவோடதுல இருந்து எடுத்துப் போட்டுடலாம்."

போட்டுக் கொடுத்தார். சித்தப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னோடது எதுடா?"

"மேல்மூடி, லென்ஸ் கண்ணாடி, தோல்வார்..."

"மிச்சம்?"

"பாய் கடையில இருக்கு சித்தப்பா. இனிமே அதுதான் ஸ்பேர்."

"மடையா, செத்ததைத்தானேடா வீட்டுக்குக் கொண்டுவரணும்!"