இடைவேளைக்கு முன் சாகாத மன்னர்

எந்த ஊர் அமெச்சூர் நாடகக் குழுவிலும் நிரந்தர ராஜா ஒருவர் இருப்பார். கதை மாறும், வம்சம் மாறும், அவர் மாறமாட்டார். பகலில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். தொப்பையும் தொண்டையும் போட்டி போட்டு வளர்ந்தவர். ஹால் வாடகையில் பாதி அவர் கைக்காசு. விழா மலருக்கு விளம்பரம் பிடிப்பவரும் அவரே. ஆகவே ராஜபார்ட் யாருக்கு என்ற பேச்சே எழுவதில்லை. நன்கொடை ரசீதுப் புத்தகம் யாரிடமோ, மகுடமும் அவரிடம்.

உத்தியோகஸ்தர்கள் அரிதாரம் பூசுவது நேற்று வந்த பழக்கமல்ல. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய காலத்திலேயே வக்கீல்கள் ராஜாவாகிவிட்டார்கள். ஆனால் அவர்கள் ஒத்திகைக்கு ஒழுங்காக வந்தார்கள்.

மதுரைப் பக்கத்துக் குழு என்றால் பாண்டியர் கதையில் கைவைக்காமல் இருக்க முடியாது. அதிலும் மாறவர்மன் குலசேகர பாண்டியன் வீட்டுச் சண்டை இருக்கிறதே! 1268-இல் பட்டத்துக்கு வந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆண்ட மனிதர். முறைப்படி பிறந்த சுந்தர பாண்டியன் இருக்க, அப்படிப் பிறக்காத வீர பாண்டியன் மேல் பிரியம் வைத்தார். பொறுக்காத சுந்தர பாண்டியன் 1310-இல் அப்பனையே கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதிவைத்திருக்கிறார். அண்ணன் தம்பி அடித்துக்கொண்டிருக்க, அடுத்த ஆண்டே டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் வந்து நின்றான். மூன்று மணி நேரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் ராஜாவுக்கு வேண்டியது வேறு. முதல் நாளே பிரதியை வாங்கிப் பின்பக்கத்திலிருந்து புரட்டுவார்.

"ஏம்ப்பா, நான் எப்ப சாகுறேன்?"

"இடைவேளைக்கு முன்னாடிண்ணே."

"அதுக்கப்புறம் என்ன கதை இருக்கு?"

"அப்புறந்தாண்ணே கதையே."

அன்று டீ வராது. மறுநாள் வசனகர்த்தா குலசேகர பாண்டியனின் ஆவியை மூன்று காட்சிகளில் நுழைத்துக்கொண்டு வருவார். வஸ்ஸாபுக்குத் தெரியாத ஆவி அது. டீயோடு பஜ்ஜியும் வரும்.

சாகும் காட்சியைத்தான் பார்க்க வேண்டும். மகன் குத்தியதும் ராஜா விழமாட்டார். தொங்கு மைக் எங்கே என்று அண்ணாந்து பார்த்து, அதன் கீழே தள்ளாடிப் போய் நின்றுகொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி பாண்டிய நாட்டின் வளத்தை வர்ணிக்க ஆரம்பிப்பார். முத்துக் குளிக்கும் துறை வருவதற்குள் வியர்வையில் ஸ்பிரிட் கம் இளகி மீசையின் இடப்பக்கம் தொங்கும். அதை விரலால் அழுத்திக்கொண்டே பேசுவார். மீசையைத் தொட்டுச் சபதம் செய்கிறார் என்று ஜனம் கை தட்டும். கை தட்டினால் இன்னும் இரண்டு நிமிடம். கொன்றவன் பாவம், அட்டைக் கத்தியோடு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பான். படுதாக்காரர் பொறுமையிழந்து கயிற்றை விட்டுவிட்டால், பிணம் படுதாவுக்கு முன்னால் நகர்ந்து வந்து வசனத்தை முடிக்கும்.

போர்க்களக் காட்சியில் வேறு வம்பு. ஏரிக்கரையில் சண்டை போட்ட அண்ணனும் தம்பியும், அடுத்தவன் ஓடுவது தெரியாமல் இருவருமே ஓடிவிட்டார்கள் என்கிறார் வஸ்ஸாப். சரித்திரம் இவ்வளவு நல்ல நகைச்சுவைக் காட்சியை எழுதித் தந்தும் நடிக்க ஆளில்லை. சுந்தர பாண்டியனின் மாமனார் முன்வரிசையில் உட்காருவாராம். அவர் எதிரில் ஓட முடியாதாம். மருமகன் ஓடாவிட்டால் நானும் ஓடமாட்டேன் என்பான் வீர பாண்டியன். கடைசியில் ராஜா பஞ்சாயத்துப் பண்ணுவார்: இருவரும் வாளை உயர்த்தியபடி பின்னோக்கி நடந்து மறைவது. நடுவில் ஆவி நிற்கும்.

இந்தக் கூத்தில் நடிக்கத் தெரிந்தவர் ராணியாக வரும் அம்மாள் ஒருவர்தான். காட்சிக்கு இவ்வளவு என்று பேசி வருபவர். கடைசி ஒத்திகைக்கு மட்டும் வந்து, எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்று கேட்டுக்கொள்வார். பாண்டிய நாட்டு அரசர் ஐவர் சண்டைக்கு எழும்போதெல்லாம் அவர்களைப் பெற்றவள் கத்தியை எடுத்து, உங்களுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்தெறிவேன் என்று மிரட்டித் தடுத்ததாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அந்தத் தாயை வசனகர்த்தா இந்த வீட்டுக்கு இரவல் வாங்கிக்கொண்டார். அம்மாள் கத்தியைக் கையில் எடுத்ததும், வாசலில் கடலை கொறித்துக்கொண்டிருந்தவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். நாடகம் என்று சொல்லத்தக்கது நடப்பது அந்த ஐந்து நிமிடம்தான். ராஜாவும் பக்கத் திரையோரம் நின்று, ஆவிக்குரிய வெள்ளைப் பவுடரோடு வாய் பிளந்து பார்ப்பார். பேசிய தொகைக்கு மேலே கொஞ்சம் கவரில் வைப்பார்.

அதனால்தான் இவரை முழுசாகத் திட்டவும் மனம் வருவதில்லை. டிரஸ் கம்பெனியில் வாடகை பேசுவது, ஆர்மோனியக்காரரை பஸ்ஸேற்றுவது, உடைந்த சிம்மாசனத்துக்கு நஷ்டஈடு கட்டுவது எல்லாம் இவர்தான். இவர் இல்லாவிட்டால் அந்த அம்மாளுக்கு அந்த ஐந்து நிமிடமும் இல்லை.

அடுத்த ஆண்டு ஔரங்கசீப் நாடகமாம். ராஜா ஷாஜகான் வேஷத்தைக் கேட்டு வாங்கிவிட்டார். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது: ஷாஜகானை மகன் கொல்லவில்லை, சிறைதான் வைத்தான். 1658-இல் உள்ளே போனவர் 1666 வரை உயிரோடு இருந்தார். கடைசிக் காட்சி வரை பேசலாம். ரசீதுப் புத்தகத்தோடு உங்கள் வீட்டுக்கும் வருவார். யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள், தயங்கினால் திண்ணையிலேயே பேசிக் காட்டுவார்.