பழி ஓரிடம், பீமன் ஓரிடம்

ஒரு குடும்பம் சண்டை சச்சரவில்லாமல் ஓட வேண்டுமென்றால், பழியைத் தூக்கிப் போட வீட்டில் ஓர் ஆள் வேண்டும். கூட்டுக் குடும்பக் காலத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. பால் பொங்கி வழிந்தால் சின்ன மருமகள், பணம் குறைந்தால் ஒன்றுவிட்ட மைத்துனர், யாருமே சிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது பூனை. இப்போது வீட்டுக்கு நாலைந்து பேர்தான். எங்கள் வீட்டில் அதில் ஒருவர் மாமியார், இன்னொருவர் கணவர். இரண்டு பேர் மேலும் பழி போட முடியாது. போட்டால் மூன்றாம் நாள் சொந்தக்காரர்கள் போன் போட்டு விசாரிப்பார்கள். மிச்சம் பிள்ளைகள். அவர்களோ, "நான்தான் செஞ்சேன்னு நீ பாத்தியா?" என்று கேட்கும் ரகம். இப்படி ஓர் இக்கட்டில்தான் பீமன் வந்து சேர்ந்தான்.

பீமன் ஒரு லாப்ரடார். கணவரின் சிநேகிதர் வீட்டுக் குட்டி. "குழந்தைங்க இருக்கிற வீட்டுக்கு இதுதான் சரி. வீட்டுக்கும் காவலாச்சு" என்று சொல்லிக்கொண்டே, துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அப்போது பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. பிள்ளைகள் விஷயத்தில் அவர் சொன்னது பலித்தது. காவல் விஷயத்தில் இல்லை. சிலிண்டர் போட வருகிறவர், கூரியர்காரர், ஓட்டுக் கேட்டு வருகிறவர் என யார் வந்தாலும் வாலாட்டி, முகர்ந்து, கையோடு உள்ளே கூட்டி வந்துவிடுவான். திருடன் வந்தால் பீரோ சாவியை எடுத்துக் கொடுத்தாலும் கொடுப்பான். எடுத்துக் கொடுப்பதுதானே அவன் பரம்பரைத் தொழில்!

கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கிற நியூஃபவுண்ட்லாந்து தீவில், மீனவர்களோடு படகில் போன நாய்களின் வாரிசு இந்த இனம். நழுவிய மீனையும் மிதக்கிற வலையையும் உறைபனித் தண்ணீரில் குதித்துக் கவ்வி வருவது அவற்றின் வேலை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவற்றை வாத்து வேட்டைக்குப் பழக்கினார்கள். 1903இல் அங்குள்ள கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. வாயில் கவ்விய வாத்தின் இறகுகூடக் கசங்காமல் எசமான் காலடியில் வைக்குமாம். அந்த வம்சத்தில் பிறந்தவனை மதுரைச் சித்திரை வெயிலில் கொண்டுவந்து விட்டால் என்ன செய்வான்? குளியலறை ஈரத்தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்துவிட்டான். குளிக்கிறவர்கள் அவனைத் தாண்டித்தான் குளிக்க வேண்டும். கணவர் ஆபீசுக்குத் தாமதமாகப் போவதற்கும் அன்றிலிருந்து பீமன்தான் காரணம். அதற்கு முந்தைய பத்து வருடத் தாமதத்துக்குக் காரணம் யார் என்று நான் கேட்கவில்லை.

பெயர்ப்பொருத்தம் சாப்பாட்டில் தெரிந்தது. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் ஒன்று கண்டுபிடித்தார்கள். லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு ஒரு மரபணுவில் சிறு துண்டு விட்டுப்போயிருக்கிறதாம். அதனால் 'போதும்' என்கிற சேதி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. பீமனுக்கு நாங்கள் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. அவன் தட்டை நக்கி, தட்டு இருந்த தரையை நக்கி, பக்கத்துத் தரையையும் நக்குவதைப் பார்த்தவர்களுக்குப் பரிசோதனை தேவையில்லை. ரேஷன் ஸ்மார்ட் கார்டைக்கூட விடவில்லை. குடும்பத் தலைவி என்று என் படம் போட்டிருந்த மூலையாகப் பார்த்துக் கடித்தான். "மூக்கு மட்டும்தான் போயிருக்கு, மத்தபடி நீதான்னு தெரியுது" என்று கணவர் ஆறுதல் சொன்னார்.

குட்டி நாய்க்குப் பால்பற்கள் 28. நாலாவது மாதம் தொடங்கி ஏழாவது மாதத்துக்குள் அவை விழுந்து 42 பற்கள் முளைத்துவிடும். அதுவரை ஈறு நமநமவென்று அரிக்கும், கண்டதையும் கடிக்கும் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். கண்டதை என்றால் பரவாயில்லை, காணாததையும் தேடிப் பிடித்துக் கடித்தான். ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி வந்து கதவைத் திறந்தால், கூடம் முழுக்க வெள்ளை வெளேரென்று பஞ்சு. மின்விசிறிக் காற்றில் மிதந்து மிதந்து இறங்கிக்கொண்டிருந்தது. சோபா இருந்த இடத்தில் மரச்சட்டமும் ஸ்பிரிங்கும் மட்டும் நின்றன. நடுவில் மூக்கு நுனியில் ஒரு பஞ்சோடு பீமன். "ஐ, கொடைக்கானல்!" என்று கத்திக்கொண்டு சின்னவன் செருப்போடு அதில் போய் விழுந்தான். பின்னாலேயே பெரியவள். ஐந்தே நிமிடத்தில், சோபாவைப் பிய்த்தவர்கள் யார், பிய்ந்ததில் புரண்டவர்கள் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி மூவரும் ஒரே நிறமாகிவிட்டார்கள்.

அந்த மாதத்தில்தான் பெரியவளுக்கும் முன்பல் ஆடியது. பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும் என்பது மாமியாரின் சட்டம். பிள்ளைகளுக்கு அவர் அப்பத்தா. ஊர் முழுக்கத் தேடிச் சாணி கொண்டுவந்து, பல்லை உருட்டி எறிந்து முடித்தபோது, பெரியவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அரிசி அளவில் இன்னொரு பல். பீமனுடையது. கால்மிதியில் கிடந்ததாம். "இதையும் போடணும் அப்பத்தா, இல்லேன்னா அவனுக்குக் கோணலா முளைக்கும்." அதுவரை "நாய் அடுப்படி வாசப்படியத் தாண்டக் கூடாது" என்று சொல்லிவந்த அப்பத்தா, மறுபேச்சில்லாமல் மீதிச் சாணியை உருட்டினார். அன்றிலிருந்து நாய் 'பைரவரு' ஆகிவிட்டது. பைரவருக்கு வாசப்படித் தடை கிடையாது.

சாயங்காலம் ஆறு மணி, அப்பத்தா விளக்கேற்றும் நேரம். பீமனுக்கு ஆவேசம் வரும் நேரமும் அதுதான். வாலை ஒடுக்கி, முதுகை வளைத்து, கூடத்திலிருந்து கொல்லைக்கும் கொல்லையிலிருந்து கூடத்துக்கும் சுற்றிச் சுற்றி ஓடுவான். இளம் நாய்களுக்கு இப்படி வெறி பிடித்தாற்போல் ஓட்டம் வருவது சகஜம், நோயில்லை என்றார் மருத்துவர். அவனுக்கு நோயில்லை, எங்களுக்குத்தான் மூட்டுவலி. வளைவில் திரும்பும்போது அவன் வால், டீப்பாயின் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் வந்து வீசும். காபி டம்ளர், ரிமோட், அப்பத்தாவின் மூக்குக்கண்ணாடி எல்லாம் ஒரே வீச்சில் தரைக்குப் போகும். சின்னவன் பின்னாலேயே ஓடுவான். அதில் எத்தனை பொருள் வாலால் விழுந்தது, எத்தனை சின்னவன் கையால் விழுந்தது என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இந்த இடத்தில்தான் பிள்ளைகளுக்கு ஞானம் பிறந்தது.

"யார்றா இது?" என்று நான் குரலை உயர்த்தியதும் பீமன் காதைப் பின்னால் மடிப்பான். வயிற்றைத் தரையோடு ஒட்டுவான். முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பான். வால் நுனி மட்டும் மெதுவாகத் தரையைத் தட்டும். இதைவிடத் தெளிவான வாக்குமூலம் எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் ரயில் வரைந்திருந்தது. "யார்றா இது?" பீமன் தரையோடு ஒட்டினான். "பாரும்மா, அவனே ஒத்துக்கறான்" என்றான் சின்னவன், விரலெல்லாம் பச்சை மையோடு.

நியூயார்க்கில் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இந்த முகத்தை ஆராய்ந்து 2009இல் கட்டுரை வெளியிட்டார். நாய்க்கு முன்னால் தின்பண்டத்தைக் காட்டி, "தொடாதே" என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போய்விட வேண்டும். திரும்பி வரும்போது, நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சில நேரம் உண்மை சொல்வார்கள், சில நேரம் பொய் சொல்வார்கள். முடிவு என்னவென்றால், அந்தக் குற்றவாளி முகம் தின்றதால் வரவில்லை, திட்டியதால் வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது இன்னும் அதிகமாகத் தெரிந்தது. இதைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இத்தன வருஷமா நான் மூஞ்சியத் தொங்கப் போட்டதுக்கும் இதுதான் அர்த்தம்" என்றார்.

ஆராய்ச்சி எங்கள் வீட்டுக் கோர்ட்டில் செல்லுபடியாகவில்லை. பெரியவள் இன்னும் ஒரு படி மேலே போனாள். டிக்டேஷன் தாளில் பத்துக்கு மூன்று. அப்பா அல்லது அம்மா கையெழுத்து வேண்டும். கிழித்தால் குப்பைக்கூடையில் அகப்படும். யோசித்து, தாளின் இரண்டு பக்கமும் நெய் தடவி, கொல்லைப்புறம் போய்ப் பீமன் வாயில் கொடுத்துவிட்டு வந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டாள். திட்டத்தில் ஓட்டையே இல்லை, லாப்ரடாரின் வம்சாவளி ஒன்றைத் தவிர. பீமன் நெய்யை மட்டும் பக்குவமாக நக்கி எடுத்தான். பிறகு தாளை முனை மடங்காமல் கவ்விக்கொண்டு, மாவு பிசைந்துகொண்டிருந்த என் காலடியில் வந்து வைத்தான். ஏழு சிவப்புச் சுழியும் மின்னின. நான் குரலை உயர்த்தினேன். பெரியவள் அசையவில்லை. பீமன்தான் தரையோடு ஒட்டினான்.

வெளியாட்கள் மேல் விழ வேண்டிய பழியைத் துடைத்த பெருமையும் அவனுக்கு உண்டு. மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர், தன் தோல்செருப்பில் ஒரு கால் காணாமல்போனது பற்றிப் பேப்பர் போடும் பையனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். வாடகை வாங்க வந்தவருக்குக் காபி கொடுத்தேன். விருந்தாளி முன்னால் வெறுங்கையோடு வரக் கூடாது என்று பீமனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, கொல்லையில் மண்ணைத் தோண்டி, செருப்பை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தான். பாதிக்குமேல் மிச்சமிருந்தது. அவர் அதைப் பார்த்தார், கடித்துக் குதறியிருந்த நிலைப்படியைப் பார்த்தார், "அட்வான்ஸ்ல கழிச்சுக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். பேப்பர் பையன் மானம் பிழைத்தது.

எல்லா வழக்குக்கும் மகுடம் வைத்தாற்போல் வந்தது தீபாவளி அதிரச வழக்கு. பாகு பதம் பார்த்து, மாவைப் புளிக்க வைத்து, சுட்டு, எண்ணெய் வடிய அமுக்கி, எவர்சில்வர் சம்படத்தில் அடுக்கி, மேலே செய்தித்தாள் மடித்துப் போட்டு, அடுப்படி மேல்தட்டில் வைத்திருந்தேன். தீபாவளிக்கு முதல்நாள் எடுத்துப் பார்த்தால் பாதிச் சம்படம் காலி. "யார்றா இது?" பீமன் வழக்கம்போல் சரணடைந்தான். பிள்ளைகள் இரண்டும் அவனை நோக்கி விரலை நீட்டின. கணவர், "பின்னங்கால்ல நின்னா எட்டும்" என்று சாட்சி சொன்னார். "வாயில்லா ஜீவன், விடும்மா. பண்டிகை நாளுல திட்டாத" என்று அப்பத்தா பரிந்து பேசினார்.

தீர்ப்புச் சொல்லப் போகும் நேரத்தில் என் கண்ணில் மூடி பட்டது. சம்படம் மூடியிருந்தது. அதுவும் அழுத்தி, காற்றுப் புகாமல். உள்ளே செய்தித்தாள் மடித்தபடி மடித்து, மூலை சரியாகப் பொருந்த இருந்தது. மூடியைத் திறக்கத் தெரிந்த நாய் உலகத்தில் இருக்கலாம், திறந்ததைத் திரும்ப மூடி வைக்கும் நாய் கிடையாது. சரி, மனிதர்களைப் பார்ப்போம் என்றால், என் பிள்ளைகள் எந்த டப்பாவையும் மூடியதில்லை. கணவர் பற்பசையைக்கூட மூடியதில்லை. இந்த வீட்டில் எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்து, திறந்ததை மூடி வைக்கும் ஒரே ஆள் யார்?

நான் மெதுவாகத் திரும்பினேன். அப்பத்தாவுக்குச் சர்க்கரை. வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் போக வேண்டும். அவர் முகத்தை ஒரு பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுகளைப் பின்னால் மடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் கால்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தான் பீமன். அவன் மீசை ரோமத்தில் வெல்லப்பாகு லேசாக ஒட்டியிருந்தது. கூட்டுச்சதி! மாமியாரைக் குறுக்கு விசாரணை செய்கிற தைரியம் எந்த மருமகளுக்கு உண்டு? "பீமா, இனிமே இப்படிப் பண்ணாத" என்று அவனைத்தான் திட்டினேன். "கேட்டுக்க சாமி, இனிமே பண்ணக் கூடாது" என்று அப்பத்தாவும் கண்டித்தார்.

"லாப்ரடாருக்குப் புத்தி தெளிய ரெண்டு வருஷம் ஆகும்" என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அதேபோல் தெளிந்துவிட்டது. இப்போது பீமன் எதையும் கடிப்பதில்லை. வாலைப் பார்த்து வீசுகிறான். பகலெல்லாம் தூக்கம், சாயங்காலம் ஒரு நடை. புது சோபாவில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா? போன வாரம் கணவரின் போன் சார்ஜர் ஒயர் இரண்டாக அறுந்து கிடந்தது. நான் கணவரைப் பார்த்தேன், கணவர் பெரியவளைப் பார்த்தார், பெரியவள் சின்னவனைப் பார்த்தாள், சின்னவன் அப்பத்தாவைப் பார்த்தான். பீமன் கோவில் வாசலில் உட்கார்ந்த சந்நியாசி கணக்காக எங்கள் எல்லோரையும் பொதுவாகப் பார்த்தான். அவன் மேல் போட்டால் ஊர் நம்பாது. ராத்திரி வரை சண்டை. அப்படியொரு சண்டை எங்கள் வீட்டில் நடந்து வெகுநாளாகியிருந்தது.

மறுநாள் காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே அப்பத்தா தன் மகனிடம் மெல்லப் பேச்சை எடுத்தார். "ஏம்ப்பா, ஒன் சிநேகிதன் வீட்டுல மறுபடியும் குட்டி போட்டிருக்காமே?"

எங்கள் வீட்டில் ஒரு தீர்மானம் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது அதுதான் முதல்முறை.