இருந்தும் இல்லாக் கோப்பு: ஏடிபி நிறுவலில் எழும் உண்மை–இன்மைச் சிக்கல் குறித்த ஓர் ஆய்வு

2010களின் முற்பாதியில், 64 பிட் உபுண்டுவில் ஆண்ட்ராய்டு எஸ்டிகே நிறுவியோர் கண்ட ஒரு தொடரே இவ்வாய்வின் மூலபாடம். பொதியை இறக்கி, விரித்து, கோப்புறைக்குள் போய் எல்எஸ் என்று தட்டினால், ஆண்ட்ராய்டு கருவியோடு பேசும் ஏடிபி என்னும் நிரலின் கோப்பு பச்சை நிறத்தில் தெரியும். ./ஏடிபி என்று அதையே ஓட்டினால், ‘./ஏடிபி: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று கட்டளைகளை வாங்கும் பாஷ் விடையிறுக்கும். அப்படியொரு கோப்பே இல்லையாம். எல்எஸ் காட்டியது காட்சி அளவை. பாஷ் சொன்னது ஆகம அளவை. இரண்டும் முட்டிக்கொள்ளும்போது எதைக் கொள்வது என்பதில் அறிஞர் பலவாறு பிரிந்தனர்.

முதலில் பரபக்கம், அதாவது பிறர் கொள்கையும் அதன் மறுப்பும். மறுபதிவிறக்கவாதிகள் கோப்பு பழுது என்பர். பழுதான கோப்பும் கோப்புதானே, அது எப்படி இல்லாமற்போகும் என்று கேட்டு முடிப்பதற்குள் அடுத்த பதிவிறக்கம் பாதி முடிந்திருக்கும். அனுமதிவாதிகள் சிஎச்மாட் 777 என்னும் மந்திரத்தை ஓதுவர். பலிக்காவிடில் முன்னால் சூடோ சேர்த்து ஓதுவர். அனுமதிக் குறையானால் கெர்னல் தரும் பிழை எண் 13, வரும் தொடர் ‘பெர்மிஷன் டினைட்’. இங்கே வந்த எண்ணோ 2. பாதைவாதிகள் பாஷ்ஆர்சி கோப்பைத் திறந்து பாத் மாறியில் வரிமேல் வரியாகச் சேர்ப்பர். ./ என்று இடத்தைச் சுட்டிய பிறகு பாஷ் அந்த மாறியைத் திரும்பியும் பார்ப்பதில்லை என மறுக்க. மறுநிறுவல்வாதிகள் இயங்குதளத்தையே துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவர். இவர்களுள் 32 பிட் உபுண்டுவைப் போட்ட உட்பிரிவினருக்கு மட்டும் ஏடிபி ஓடியது. ஏன் ஓடியது என்று அவர்கள் ஆராயவில்லை. ஓடுகிற நிரலிடம் காரணம் கேட்பது இத்துறையில் மரபன்று.

இனிச் சுபக்கம், அதாவது நம் கொள்கை. ‘ஃபைல் ஏடிபி’ என்று கேட்டால், இது இன்டெல் 80386க்கான 32 பிட் நிரல், இதன் இன்டர்ப்ரெட்டர் /லிப்/எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2 என்று விடை வரும். பகிர்வு நூலகங்களை நம்பியுள்ள நிரலைக் கெர்னல் தனியே எழுப்பிவிடாது. நிரலின் உள்ளே இன்டர்ப்ரெட்டர் என்று பெயர் எழுதப்பட்டிருக்கும் லோடரைத் தேடிப் பிடித்து அதனிடம் ஒப்படைக்கும். 64 பிட் உபுண்டுவில் 64 பிட் லோடர்தான் இயல்பாக இருக்கும். 32 பிட் லோடர் இல்லாததால் கெர்னல் 2 என்னும் எண்ணை மட்டும் பாஷிடம் நீட்டுகிறது. பாஷ் நாம் தட்டிய பெயரோடு அந்த எண்ணுக்குரிய தொடரை ஒட்டிக் கொடுத்துவிடுகிறது. ‘ஆவணம் இல்லை’ என்ற ஒற்றைக் குறிப்போடு தாலுகா அலுவலகத்திலிருந்து திரும்பிய மனுவும் இவ்வகையினதே. எந்த ஆவணம் என்பது மனுதாரர் பாடு.

ஆகவே மூலபாடத்துக்கு, ‘./ஏடிபியை ஏற்றித் தரும் கோப்பு இல்லை’ என்று உரை கொள்க. ‘ஏற்றித் தரும்’ என்பது வருவித்து உரைக்கப்பட்டது.

பரிகாரம் சிறிது. டிபிகேஜியிடம் 32 பிட்டுக்குரிய ஐ386 கட்டமைப்பையும் சேர்க்கச் சொல்லி, ஏபிடி பட்டியலைப் புதுப்பித்து, லிப்சி6, லிப்எஸ்டிடிசி++6 ஆகியவற்றின் ஐ386 பிரதிகளையும் லிப்32இசட்1ஐயும் நிறுவுக. பழைய ஏடுகள் ஐஏ32-லிப்ஸ் என்ற ஒற்றை மருந்தைச் சொல்லும், உபுண்டு 13.10 முதல் அது கடையில் இல்லை. லோடர் வந்து சேர்ந்தபின் ஏதேனும் நூலகம் குறைந்தால், அதன் பெயரைச் சொல்லியே லோடர் முறையிடும். அடுக்கில் நேர்மையான பேர்வழி அது ஒன்றுதான்.

கூகுள் பின்னர் 64 பிட் ஏடிபியையே வழங்கியதால் நோய் ஒழிந்ததென்று கருதுவோர் ஆல்பைன் லினக்ஸைக் காண்க. அங்கே சி நூலகம் மசல்; ஆகையால், உபுண்டுவின் சி நூலகமான ஜிலிப்சியின் லோடரை நம்பித் தொகுத்த நிரல், அந்த லோடர் இல்லாதவரை, கண்ணெதிரே இருந்தபடியே ‘இல்லை’ ஆகும்.

2022இல் வெளிவந்த பாஷ் 5.2 மூலபாடத்தைத் திருத்தியது. ‘கேனாட் எக்ஸிக்யூட்: ரிக்வயர்ட் ஃபைல் நாட் ஃபவுண்ட்’, அதாவது வேண்டிய கோப்பு கிட்டவில்லை என்று இப்போது வரும். எந்தக் கோப்பு என்பதை அது இன்னும் சொல்வதில்லை.