ஏட்டில் இல்லாத சுரைக்காய்

நண்பர் புகைப்பதை விட்டு வருஷங்கள் ஆகின்றன. பைப் வாங்குவதை விடவில்லை. கண்ணாடி அலமாரியிலிருந்து, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். "இது பில்லியர்ட். கிண்ணத்தோட உயரமும் மரத்தண்டோட நீளமும் ஏறக்குறைய ஒண்ணு. இது புல்டாக், கிண்ணத்தைச் சுத்தி ரெண்டு கோடு பாருங்க." பார்த்தேன். நாயைத்தான் காணோம். ஆப்பிள், முட்டை, பானை என்று அடுத்தடுத்து வந்ததில் எனக்குப் பசியே எடுத்துவிட்டது.

கடைசியாக, வளைந்த கலபாஷ். "ஷெர்லாக் ஹோம்ஸ் பிடிச்சது" என்றார், குரலைத் தாழ்த்தி.

கலபாஷ் என்றால் வேறொன்றுமில்லை, சுரைக்காய். கொடியில் வளரும்போதே கழுத்தை வளைத்துவிட்டு, முற்றியதும் காயவைத்து, மேலே மீர்ஷாம் என்ற வெள்ளைக் கனிமத்தில் கடைந்த கிண்ணத்தைச் செருகுவார்கள். கோனன் டாயிலின் கதைகளில் ஹோம்ஸ் பிடிப்பதோ களிமண், பிரையர், செர்ரி மர பைப்புகள். கலபாஷ் எங்கும் வராது. வளைந்த பைப், 1899-இல் ஹோம்ஸாக மேடையேறிய வில்லியம் ஜில்லெட்டின் புண்ணியம். அதுவும் சுரைக்காய் அல்ல. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது ஏட்டிலேயே கிடையாது.

நண்பரிடம் சொல்லவில்லை. அலமாரியில் இன்னும் ஒரு தட்டு காலியாக இருக்கிறது.