நெஞ்சுக்கறி நிபுணர்

டெக்ஸஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில் எந்த ஊருக்குப் போனாலும், சனிக்கிழமை காலையில் இறைச்சிக் கடையின் குளிர்பெட்டியருகே, வயிறு முன்னே செல்லத் தாம் பின்னே செல்லும் ஒரு கனவானைக் காணலாம். மனைவி வாங்கச் சொன்ன பாலையும் ரொட்டியையும் அரை நிமிஷத்தில் அள்ளிக் கூடையில் போட்டுவிட்ட அவர், பிரிஸ்கெட் எனப்படும் மாட்டின் நெஞ்சுக்கறி ஒன்றைத் தேர்ந்தெடுக்க முக்கால் மணி நேரம் நிற்பார். நம்மவர் பெண் பார்க்கப் போன வீட்டிலும் இத்தனை நுணுக்கம் காட்டியதாகக் கேள்வியில்லை.

அரசாங்க முத்திரை 'செலக்ட்' என்றிருந்தால் ஏறெடுத்தும் பாரார். 'பிரைம்' என்றிருந்தால் ஆசையோடு எடுத்து, விலைச்சீட்டைப் பார்த்துப் பெருமூச்செறிந்து, இடைத்தரமான 'சாய்ஸ்' பக்கமே திரும்பிவிடுவார். பிறகு 12 முதல் 14 ராத்தல் வரையுள்ள முழுத்துண்டு ஒவ்வொன்றையும் நடுவே கைகொடுத்துத் தூக்கி, இரு முனையும் துவண்டு தொங்குகின்றனவா என்று பரீட்சிப்பார். விறைத்து நின்றால் நிராகரணந்தான். குளிர்பெட்டியில் கிடந்தது விறைக்காமல் என்ன செய்யும் என்று கேட்பது அபசாரம். கொழுப்பு குறைந்த தட்டைப்பகுதி ஓரம்வரை கனமாயிருக்கிறதா என்று அவர் தடவிப் பார்ப்பதில் மட்டும் நியாயமுண்டு. மெல்லிய ஓரம் புகையில் காய்ந்து தோலாகிவிடும். மாடு இடப்புறம் சாய்ந்து படுத்து வலக்காலை ஊன்றி எழுவதால் இடப்பக்கத்து நெஞ்சே மிருதுவானது என்றும் இத்தகைய நிபுணர்களிடையே ஓர் ஐதிகம் உலவுகிறது. அந்த மாடு படுத்ததைக் கண்ட சாட்சி எவருமில்லை. ஆயினும் நம்மவர் இடப்பக்கத் துண்டைத்தான் தேடுகிறார்.

பக்கத்தில் ஓர் அம்மாள் முதுகெலும்பின் உட்புறத்து மெல்லிறைச்சியை எடுத்துவிட்டால், கேளாமலே உபதேசம் பிறக்கும்: "அம்மா, அது வேலையே செய்யாத சோம்பேறித் தசை, அனலில் சிறிது நேரம் வாட்டத்தான் லாயக்கு. மாட்டுக்குக் காறையெலும்பு கிடையாது. முன்னுடம்பின் பாரமெல்லாம் இந்த நெஞ்சு சுமந்தது. உழைத்த தசையில்தான் சவ்வு இருக்கும். சவ்வு உருகினால்தான் சுவை இருக்கும்!" அவர் சொல்வதில் பிழையொன்றுமில்லை. 225 முதல் 250 டிகிரி பாரன்ஹீட் வரையிலான இளஞ்சூட்டில், ஓக் விறகின் புகையில், பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ கிடக்கும்போது அந்த முரட்டுச் சவ்வு பசையாக இளகுகிறது. நடுவில் 160 டிகிரியை ஒட்டிச் சில மணி நேரம் உஷ்ணமானி நகராமல் நின்றுவிடுவதும் உண்டு. மாமிசத்தின் ஈரம் ஆவியாகி அதனைக் குளிர்விப்பதே காரணம். அவரோ, அண்டை வீட்டார் கண்ணேறு பட்டுவிட்டதோ என்று நள்ளிரவில் வேலியோரம் உலாவுவார்.

உழைப்பின் மகிமையை இங்ஙனம் உபதேசித்து முடித்த மகானுபாவர், தமக்கு முதுகுவலி என்று வண்டியில் ஏறி அமர்ந்துகொள்ள, பொட்டலத்தையும் விறகுக் கட்டையும் அவருடைய மனைவியே சுமந்து வந்து பின்புறம் ஏற்றுகிறார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கொழுப்புப் பக்கம் மேலே இருக்கட்டும், ஜாக்கிரதை!" என்கிறார் கணவர்.