கருப்பட்டியும் ஒரு கேக் சுவைதான்

கேள்வி: வீட்டில் பொழுதுபோக்காக கேக் செய்கிறேன். புதுச் சுவைகளைச் சேர்த்தால், "கேக்குன்னா வெனிலாதானே" என்கிறார் மாமியார். வெண்ணெய் கிரீம் ரோஜாவோ சித்திரை வெயிலில் தலைசாய்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தாராபுரம்

பதில்: அத்தைக்கு மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரரின் கதையைச் சொல்லுங்கள். 1883இல் தலச்சேரியில் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்து கேக் ஒன்றைக் கொடுத்து, இதேபோல் வேண்டும் என்றார். பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக முந்திரிப்பழமும் கதலியும் சேர்ந்த உள்ளூர்ச் சாராயத்தை ஊற்றினார் பாப்பு. ருசித்தவர் இன்னும் ஒரு டஜன் கேட்டாராம்! பாப்புவின் குடும்பத்தார் சொல்லும் வரலாறு இது. உள்ளூர்ச் சுவை கேக்குக்குப் புதிதல்ல.

ரோஜா மேல் கோபம் வேண்டாம். உடல் சூட்டுக்கே உருகுவது வெண்ணெயின் குணம். ஊத்துக்குளி வெண்ணெயும் விலக்கல்ல. கோடையில் சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கனாஷுக்கு மாறுங்கள்: ஒரு பங்கு கிரீமுக்கு வெள்ளை சாக்லேட் என்றால் மூன்று பங்கு, டார்க் என்றால் இரண்டு. ரோஜாதான் போட வேண்டுமா? மூலனூர் முருங்கைப்பூவைப் போட்டுப் பாருங்கள், அத்தனை அழகு!

சுவைக்குக் கருப்பட்டி. பாகாக்கி, வடிகட்டி, நன்றாக ஆறவிட்டுச் சேருங்கள். பாகில் தண்ணீர் இருப்பதால் பாலைக் குறையுங்கள். சுக்கும் ஏலமும் கொஞ்சம் போதும். முதல் துண்டு அத்தைக்கு.