தெற்கு வானத்தைத் திறந்து வையுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் மகன் குடும்பத்தோடு மோட்டார் ஹோமில் யெல்லோஸ்டோன் வந்திருக்கிறோம். கூரையில் டிஷ் இருந்தும் டிவியில் 'சிக்னல் இல்லை' என்றே வருகிறது. டிஷ் பழுதா?

பதில்: டிஷ்ஷைக் குற்றம் சொல்லும் முன் மரத்தை விசாரியுங்கள்! டிவி செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில் நிற்பவை. அமெரிக்காவிலிருந்து பார்த்தால் அவை தெற்குப் பக்க வானில்தான் இருக்கும். யெல்லோஸ்டோனில், 110 டிகிரி மேற்கில் நிற்கும் செயற்கைக்கோளைப் பார்க்க டிஷ் சுமார் 39 டிகிரிதான் நிமிரும். தெற்கே 15 மீட்டர் தூரத்தில் 20 மீட்டர் உயரப் பைன் மரம் நின்றால் கதை முடிந்தது. மழையில் நனைந்த மரம் இன்னும் மோசம். நிழல் பார்த்து வண்டியை நிறுத்துவது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். டிவி வேண்டுமென்றால் அதைக் கைவிட்டே ஆக வேண்டும்.

வானம் திறந்திருந்தும் வரவில்லையா? கேபிளைப் பாருங்கள். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கும் கருவியான எல்என்பிக்கு மின்சாரமும் அதே கேபிள் வழியாகத்தான் போகிறது. முனை தளர்ந்தாலும், ஈரம் ஏறித் துருப்பிடித்தாலும், நடுவில் சாதாரண ஸ்ப்ளிட்டர் இருந்தாலும் படம் வராது.

உள்ளூர்ச் சேனல்கள் மட்டும் காணோமென்றால் எதையும் கழற்றாதீர்கள். அவை அந்தந்த வட்டாரத்துக்கு மட்டும் குவித்து அனுப்பப்படுபவை. டிவி சேவை தரும் நிறுவனத்தை அழைத்து, தங்கியிருக்கும் இடத்தின் முகவரியைக் கொடுங்கள். கூரைமேல் ஏறுகிற வேலையை மட்டும் தயவுசெய்து மகனிடம் விட்டுவிடுங்கள்.